சேலத்தில் புரோக்கர் இல்லாமல் வீடு வாங்க: சட்டம் கேட்பதும் கேட்காததும்

அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஒரு பழைய வீட்டை உரிமையாளரிடமே பேசி வாங்குகிறீர்கள் என்றால், சார்பதிவாளர் முன் வந்து நிற்க வேண்டியவர்கள் விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள். அவ்வளவுதான். புரோக்கர் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் தேவையில்லை. ஒரு சதவீதமோ இரண்டோ என்று பேசப்படும் கமிஷன் ஊர் வழக்கம், அரசுக் கட்டணம் அல்ல. வீட்டை யார் காட்டினார் என்ற தகராறு பின்னால் வராமலிருக்க, 'இடைத்தரகர் யாரும் இல்லை' என்பதை விற்பவரிடம் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் வழி சொன்னவர்கூடக் கமிஷன் கேட்டு வருவதுண்டு.

சட்டத்தில் தரகருக்கு ஒரு இடம் இருப்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், அதாவது ரெரா சட்டத்தில். நிலம் 500 சதுர மீட்டரையும், வீடுகளின் எண்ணிக்கை எட்டையும் தாண்டிய புதுத் திட்டம் என்றால் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். அதை விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பில்டரிடம் நேரடியாகப் போனாலும் உங்கள் உரிமை குறையாது: பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். ஆனால் தனி மனிதர் ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும்போது இந்தக் காப்பு எதுவும் வராது. நேரடியாக வாங்குகிறவர்களில் பலர் இந்த வகைதான். அங்கே சரிபார்க்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில்.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து நீங்களே பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுக்குப் பாருங்கள். சர்வே எண் பிரிந்து உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் தேடுங்கள். பதிவான ஆவணம் மட்டுமே அதில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். பதிவாகாத உயில், வீட்டுக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, கோர்ட்டில் கிடக்கும் வழக்கு, இவையெல்லாம் அங்கே தெரியாமல் போகலாம்.

தகராறு வருவது பெரும்பாலும் வாரிசுப் பக்கம்தான். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வந்து அட்வான்ஸ் வாங்குவார்கள். கட்டிக்கொடுத்த அக்காவைப் பற்றிப் பேச்சே வராது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நடந்த திருத்தங்களால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. தகப்பனார் பெயரில் பத்திரம் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடட்டும். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. உரிமையாளருக்குப் பதிலாக, அவரிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்று: கமிஷனில் மிச்சமானதில் ஒரு பகுதியை வக்கீலின் லீகல் ஒப்பினியனுக்கும், இடத்தை அளக்கும் சர்வேயருக்கும் செலவழியுங்கள். பத்திரத்தில் எழுதிய அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகாத வீடுகள் பழைய தெருக்களில் நிறைய.

பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு எல்லாம் வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் கிடைக்கும். மனை என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத மனையைப் பதிவு செய்ய முடியாது.

ஏற்காட்டில் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி நிதானமாக இருக்க வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களில் லேஅவுட்டுக்கும் கட்டடத்துக்கும் சமவெளியைவிடக் கடுமையான விதி. காப்பித் தோட்டத்தைத் துண்டு போட்டு 'ரிசார்ட் மனை' என்று விற்பதைப் பார்த்து, மூடுபனியில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பழங்குடி மக்களுக்கோ ஆதிதிராவிடர்களுக்கோ அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலமா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். நிபந்தனையை மீறி வாங்கினால் பத்திரம் கையில் இருந்தும் நிலம் போய்விடலாம்.

பணத்துக்கு வருவோம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய் ஆகும். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கம் கூடாது, வங்கி வழியாகவே கொடுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்ததும் வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது பழைய பழக்கம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும். அதே வீட்டை வேறொருவரிடம் பேரம் பேசப் போனால் அவருக்கும் தெரியும்.

பத்திரம் முடிந்த பிறகு உட்பிரிவு தேவையில்லாத முழுச் சொத்து என்றால் பட்டா பெயர் மாற்றம் பதிவோடு சேர்ந்தே நகரும். உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் அளக்க வருவார். அன்று நீங்கள் அங்கே இருங்கள். மாநகராட்சி வீட்டு வரி, தண்ணீர் இணைப்பு, மின் இணைப்பு இவற்றுக்குத் தனித்தனியாகப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான ரசீதுகளைக் கிரயத்துக்கு முன்பே விற்பவரிடம் வாங்கி வைத்திருந்தால், இந்த அலைச்சல் பாதியாகும்.