குரூப் பார்த்தாச்சு, மிஸ்!

போன செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பம் முதல் பஸ் பிடித்து வந்திருந்தது. அம்மா, அப்பா, 9 மாதப் பிள்ளை, கூடவே அப்பத்தா. பிள்ளையின் உதட்டில் நிறமே இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் 4.1, பயங்கரக் குறைவு. மெஷின்தான் பிழை விட்டதோ என்று இன்னொரு தடவை ஓட்டினேன். அதே 4.1.

வைத்தியர் பெற்றோரின் இரத்தத்தையும் அனுப்பச் சொன்னார். இருவருக்கும் சிவப்பணுவின் சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., 66க்குக் கீழே. 80ஆவது இருக்க வேண்டும். அத்தை மகனும் மாமன் மகளும். "கல்யாணத்துக்கு முன்னுக்கு இரத்தம் சோதிச்சீங்களா?" என்று கேட்டேன். அந்தத் தம்பி பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "குரூப் பார்த்தாச்சு, மிஸ். ரெண்டு பேருக்கும் ஓ பொசிட்டிவ். பொருத்தம்தான்."

அட்டையை லெமினேட் பண்ணி வைத்திருந்தார். இந்த வருஷம் என் மேசைக்கு வந்த மூன்றாவது லெமினேட் அட்டை அது. நோயின் பெயரைச் சொல்வது வைத்தியரின் வேலை, ஆய்வுகூடத்தில் இருக்கிற நான் வாயைத் திறக்கக்கூடாது. அதனால் அன்று பேசாமல் இருந்துவிட்டு இங்கே கத்துகிறேன்.

இரத்தக் குரூப் வேறு, தலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோய் வேறு. குரூப் என்பது சிவப்பணுவின் வெளித்தோலில் இருக்கிற சில வெல்ல, புரத மூலக்கூறுகளின் அடையாளம். ஏ, பி, ஓ என்று தீர்மானிக்கிற பரம்பரையலகு 9ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பொசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அது 1ஆவதில். பீட்டா தலசீமியாவோ சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கிற ஈமோகுளோபின் சம்பந்தப்பட்டது. அதன் பரம்பரையலகு 11ஆவதில். லயத்துக் காம்பிராவின் வெளிச்சுவர் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு, உள்ளே பானையில் அரிசி இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? ஓ பொசிட்டிவும் ஓ பொசிட்டிவும் கட்டினால் ஒரு கெடுதலும் இல்லை. ஏ-யும் பி-யும் கட்டினாலும் அதனால் மட்டும் தலசீமியாவிலிருந்து தப்பிவிட முடியாது. தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால் ஒரு சிக்கல் உண்டு, உண்மைதான். அதற்கு ஊசி இருக்கிறது, அது தனிக் கதை. குரூப் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், விபத்து நேரத்தில் உதவும். கல்யாணப் பொருத்தத்துக்கு மட்டும் அதைக் காட்டாதீர்கள்.

சரி, உள்ளே என்னதான் பிழையாகிறது? உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவார்கள். போகாதீர்கள். முதல் இரண்டு லெமினேட் அட்டைகளில் ஒன்று ஒரு விஞ்ஞான ஆசிரியருடையது.

டி.என்.ஏ. இழையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு நியூக்கிளியோதைட்டு: ஒரு பொசுபேற்று, ஒரு வெல்லம், ஒரு நைதரசன் மூலம். மூலங்கள் நான்கு. அதனின் தைமினோடுதான் சேரும், இரண்டு ஐதரசன் பிணைப்பு. குவானின் சைற்றோசினோடுதான் சேரும், மூன்று பிணைப்பு. எப்போதும் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாகச் சேர்வதால் ஏணியின் அகலம் எங்கேயும் மாறாது. ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. வெல்லத்தில் ஒரு ஒட்சிசன் கூட, தைமின் இருக்கவேண்டிய இடத்தில் யுராசில். இவ்வளவையும் எல்லாரும் பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள்.

எழுதாதது ஒன்று உண்டு. எப்போதோ ஒரு முன்னோரில் ஒரு குவானின் இருந்த இடத்தில் சைற்றோசின் வந்துவிட்டது. எதிர் இழையில் அதற்கு ஏற்றபடி குவானின் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதும் அது நல்ல சோடிதான். அதே மூன்று பிணைப்பு, அதே அகலம். ஏணி எங்கேயும் கோணவில்லை. கலத்தின் திருத்தும் வேலையாட்கள் பொருந்தாத சோடியைத்தான் தேடுவார்கள், பொருந்திய சோடியை ஏன் தொடப்போகிறார்கள்? எனவே பிழை அப்படியே நகலாகிப் பேரப்பிள்ளை வரை வருகிறது. "எங்கள் பரம்பரையில் கெட்ட இரத்தம் கிடையாது" என்று கோபப்படுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கெட்டது ஒன்றும் இல்லை. ஒரு எழுத்து மாறியிருக்கிறது.

நம் இலங்கையில் அதிகம் காணப்படுகிற பீட்டா தலசீமியா மாற்றங்களில் ஒன்று சரியாக இதேதான். அந்த எழுத்து புரதத்துக்கான பகுதியில்கூட இல்லை. வெட்டி எறியப்படுகிற துண்டு ஒன்றின் 5ஆவது எழுத்து அது. டி.என்.ஏ.யைப் பார்த்து எழுதிய ஆர்.என்.ஏ.யில் வேண்டாத துண்டுகளும் சேர்ந்தே வரும், பறித்த கொழுந்தோடு முத்தல் இலை வருகிற மாதிரி. நிறுக்கும்போது முத்தலைப் பொறுக்கி எறிவது போல, கலமும் அவற்றை வெட்டி எறியும். எங்கே வெட்டுவது என்பதை இன்னொரு சின்ன ஆர்.என்.ஏ. அந்த இடத்தோடு சோடி சேர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. 5ஆவது எழுத்து மாறிவிட்டால் அந்தச் சோடி சரியாக ஒட்டாது. கத்தி பக்கத்து இடத்தில் விழுகிறது. ஈமோகுளோபினுக்கு வேண்டிய புரதமான குளோபின் நல்லதாகக் கொஞ்சம்தான் தேறும்.

இப்போது இரும்புச்சத்து மாத்திரைக்கு வருவோம். எம்.சி.வி. குறைந்தவர் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை கொடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் இரும்புக் குறைபாடும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. சோற்றோடு சாயத் தேநீர் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் தலசீமியாவில் குறைவது இரும்பு இல்லை, குளோபின். அரிசி இல்லாத வீட்டில் விறகை அடுக்கி என்ன செய்வது? மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிற பிள்ளைக்கு இரும்பு ஏற்கெனவே மிஞ்சி இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதை வெளியேற்றத்தான் தனி மருந்து கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த இரும்பு டொனிக்கை ஊற்றாதீர்கள். தயவுசெய்து.

"பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்ததே" என்று அந்த அப்பத்தா அழுதார். இருக்கும். வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு வேறு வகை ஈமோகுளோபின், அதில் பீட்டா சங்கிலி என்கிற குளோபின் இல்லை. அது குறைந்து பீட்டாவின் முறை வரும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதற்குள் "மருமகள் காலெடுத்து வைத்த நேரம்" என்று பேச்சு வந்துவிடுகிறது. இரண்டு பேரும் மாறிய பரம்பரையலகில் ஆளுக்கொரு பிரதி கொடுக்காமல் இந்த நோய் கடுமையாக வராது. பாதி உங்கள் மகனுடையது, அம்மா.

ஒரு பிரதி மட்டும் உள்ளவரைக் காவி என்போம். அவர் நோயாளி இல்லை. கொழுந்து பறிப்பார், கிரிக்கெட் ஆடுவார், எண்பது வயது வரை இருப்பார். காவி இல்லாதவரைக் கட்டினால் இந்தக் கவலை இல்லை. இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு கருவுக்கும் 25 வீதம் நோய்க்கான வாய்ப்பு. "நாலில் ஒன்று வந்தாச்சு, இனி மூன்று நல்லதாகப் பிறக்கும்" என்று எனக்கே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது! ஈமோகுளோபின் ஈ என்று ரிப்போர்ட் வந்தவர்களும் அசட்டையாக இருக்க வேண்டாம். அதுவும் ஓரெழுத்து மாற்றம்தான், குவானின் இருந்த இடத்தில் அதனின். ஒரு பக்கம் ஈ, மறுபக்கம் பீட்டா என்று சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வரும்.

நம் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருக்கலைப்புக்கு இடமில்லை. கருவான பிறகு ஓடி வந்தால் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், முடிந்தால் சாதகம் எடுக்கும் முன்னாலேயே வாருங்கள். முதலில் ஃபுல் பிளட் கவுண்ட். எம்.சி.வி. 80க்குக் கீழே, அல்லது ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஈமோகுளோபின் அளவான எம்.சி.எச். 27க்குக் கீழே என்றால் ஈமோகுளோபின் ஏ2 என்ற வகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது 3.5 வீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் காவி. கடும் இரும்புக் குறைபாடு இருந்தால் ஏ2 குறைத்துக் காட்டலாம், அப்போது அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்போம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒளிக்காதீர்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது, அங்கே காவிப் பரிசோதனை இலவசம். அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். எழுத்து மாறப் போவதில்லை, ஒருமுறை சரியாகப் பார்த்தால் ஆயுளுக்கும் போதும். லெமினேட் பண்ணுவதானால் அந்த ரிப்போர்ட்டைப் பண்ணுங்கள்.

கிளம்பும்போது அப்பத்தா திரும்பி வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சின்னப் பேரனுக்குத் தையில கல்யாணம் பேசியிருக்கோம், மிஸ். அவனைக் கூட்டியாரவா?"

கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்பத்தா. பொண்ணையும் சேர்த்து. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம்.