பாண்டி அலையும் கார்ன்வால் குளிரும்

என் அக்கா மகன் அலைச்சறுக்கு, அதாவது பலகைமேல் நின்று அலையில் ஓடும் சர்ஃபிங், கற்றுக்கொண்டது பாண்டிச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பத்தில். வெளியூர்க்காரர்கள் அதை செரினிட்டி பீச் என்பார்கள். இப்போது வேலை அவனை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அங்கே நியூகீ என்ற ஊரில் ஃபிஸ்ட்ரல் என்று ஒரு மணற்கடற்கரை, அட்லாண்டிக்கைப் பார்த்தபடி கிடக்கிறது. ஒரு மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து போன் செய்தான்.

“மாமா, தண்ணி பத்து டிகிரி. அதுகூடப் பரவாயில்ல. பதினோரு மணிக்குக் கரையிலேர்ந்து பார்த்தா அலை அருமையா உடையுது. டிரெஸ் மாத்திக்கிட்டு பன்னெண்டு மணிக்கு இறங்கினா ஒண்ணுமே இல்ல. நம்ம ஊர்ல இப்படி ஆகாதே?”

பக்கத்தில் இருந்த அக்காவுக்கு அலை போனது பெரிதாகப் படவில்லை. “பத்து டிகிரியா? அது ஃப்ரிட்ஜ் தண்ணிடா! அதுல ரெண்டு மணி நேரமா?” என்றாள்.

இரண்டுமே நல்ல கேள்விகள். முதலில் அக்காவுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

10 டிகிரிக் காற்றில் ஒரு ஸ்வெட்டரோடு நடந்துவிடலாம். அதே 10 டிகிரித் தண்ணீரில் நிலைமை வேறு. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகம். நம் உடம்பு 37 டிகிரி. பாண்டிக் கடல் மார்கழி, தை மாதத்திலும் 26 டிகிரியை ஒட்டி இருக்கும், சித்திரையில் 30ஐத் தொடும். அந்த வித்தியாசத்தை உடம்பு சமாளித்துக்கொள்ளும். கார்ன்வால் கடலோ பிப்ரவரி, மார்ச்சில் 9, 10 டிகிரி. கோடையின் உச்சத்தில்கூட 16, 17தான்.

விறைத்துச் சாவதுதான் ஆபத்து என்று நாம் நினைப்போம். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே, முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் ஒன்று நடக்கிறது. தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலே மூச்சு ‘ஹக்’கென்று உள்ளே இழுக்கும், அப்புறம் வேகவேகமாக வாங்கும். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை முதல் சொம்பு ஊற்றிக்கொண்டவர்களுக்கு இதன் சிறிய அளவு தெரியும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அதனால்தான் குளிர்கடலில் தவறி விழுந்தவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்: நீந்த முயலாதே, மல்லாந்து மித, மூச்சு அடங்கட்டும். அதையும் தாண்டினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபேச்சு கேட்காமல் போகும்.

இத்தனையையும் தடுப்பது அரை சென்டிமீட்டர் ரப்பர். வெட்சூட் என்கிற அந்த உடுப்பை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். உடுப்புக்குள் புகும் தண்ணீரை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்கிறது, அந்தத் தண்ணீர்ப் படலம்தான் போர்வை என்று பரவலாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. போர்வை வேலையைச் செய்வது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள். இட்லியிலும் துளைகள் உண்டு, ஆனால் அவை ஒன்றோடொன்று திறந்திருப்பதால் சாம்பாரைக் குடித்துவிடுகிறது. நியோப்ரீன் நுரையில் ஒவ்வொரு குமிழும் தனித்தனி அறை, கதவு கிடையாது. தண்ணீர் உள்ளே போகாது, வாயு வெளியே வராது. வாயு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் உடம்புச் சூடு உடம்போடு நிற்கிறது.

உள்ளே புகுந்த தண்ணீர் நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. உடுப்பு தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலையும் பழைய தண்ணீரைக் கழுவிவிட்டுப் புதுக் குளிரை ஊற்றும். மூடி சரியாக மூடாத ஃபிளாஸ்க் போல. எனவே தோலோடு தோலாக ஒட்ட வேண்டும். குளிர்காலத்துக்கு மார்பிலும் முதுகிலும் 5 மில்லிமீட்டர், கைகால் மடங்க வேண்டிய இடங்களில் அதைவிடக் கொஞ்சம் மெல்லியது, அதோடு காலுறை, கையுறை, தலைக்கு முக்காடு. மாட்டுவதற்கே கால் மணி நேரம் ஆகிறது என்கிறான். அவன் அலையைத் தவறவிட்டதில் இதற்கும் பங்கு உண்டு!

மெழுகிலும் ஒரு வேடிக்கை. பலகையில் கால் வழுக்காமல் இருக்க மெழுகு தேய்ப்பார்கள். இங்கிருந்து எடுத்துப்போன கட்டியை அவன் அங்கே தேய்த்தால் சோப்புக்கல் போல வழுக்கியது. சூடான கடலுக்கென்று செய்த மெழுகு 10 டிகிரியில் இறுகிவிடும். அங்கத்து மெழுகை இங்கே கொண்டுவந்தால் பலகையைக் காரிலிருந்து இறக்குவதற்குள் நெய்யாக உருகியிருக்கும்.

நம் கடலும் எப்போதாவது குளிரும். ஆனி, ஆடியில் ஒரு நாள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தால் தண்ணீர் சுரீரென்று இருக்கும், வெயிலோ மண்டையைப் பிளக்கும். தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி வடக்காக வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் வலப்பக்கம், அதாவது கடலை நோக்கி, ஒதுங்கிப்போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. ஸ்வெட்டர் தேடும் அளவுக்கு இல்லை, ஒரு நொடி மூச்சைப் பிடிக்கும் அளவுக்கு.

சரி, மருமகனின் கேள்விக்கு வருவோம். காணாமல் போன அலை.

எங்கோ தூரத்தில் காற்று கடலை உராய்ந்து அலையை எழுப்புகிறது. காற்று எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு அகலமான நீர்ப்பரப்பில் வீசுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். அப்புறம் காற்றை விட்டுப் பிரிந்து தனியாகப் பயணம் செய்யும். பயணிப்பது தண்ணீர் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். காற்றடிக்கும்போது நெல்வயலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலை ஓடுகிறது, பயிர் நின்ற இடத்திலேயே தலையாட்டுகிறது. அதுபோலத்தான் இதுவும்.

ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரத்தை நொடிக்கணக்கில் எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலின் மேலேயே வீசும் வாடைக்காற்று எழுப்பும் அலைகள் 6, 7 நொடிக்கு ஒன்று என்று நெருக்கியடித்து வரும். வைகாசி, ஆனியில் காற்றே இல்லாத ஒரு காலையில் 14 நொடிக்கு ஒன்றாக நிதானமாக வருபவை வேறு சாதி. தெற்கே அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் வீசிய புயலின் பிள்ளைகள் அவை. 14 நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் போகும். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து பாண்டிக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். வழியில் இலங்கை குறுக்கே நிற்பதால் வளைந்து, இளைத்துத்தான் நம்மிடம் வந்து சேரும். கார்ன்வாலுக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவே அப்படி ஒரு மறைப்பு கிடையாது.

ஆழ்கடலில் இந்த அலை சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 300 மீட்டர் இடைவெளி இருக்கும், படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நீளத்தில் பாதியைவிட ஆழம் குறைந்ததும் அலையின் கால் தரையைத் தொடத் தொடங்குகிறது. வேகம் குறைகிறது. பின்னால் வருபவை நெருங்குகின்றன. பரந்து கிடந்த ஆற்றல் குறுகிய இடத்தில் திரள்வதால் அலை உயர்கிறது. உயரம், அந்த இடத்து ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது நிலைதடுமாறி முன்னால் கவிழ்கிறது. அதைத்தான் உடைவது என்கிறோம். கணக்காகச் சொன்னால் 1 மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். கரையில் நின்றபடியே ஆழத்தை அளக்க இதைவிட எளிய வழி இல்லை: நுரை எங்கே தொடங்குகிறதோ அங்கே மணல் மேடு.

கடலடி மெல்லச் சரிந்தால் முகட்டில் நுரை பொங்கி வழிந்தபடி அலை வரும். கற்றுக்கொள்பவருக்கு அதுதான் நல்லது. தரை சட்டென்று மேடேறினால் அலை சுருண்டு குழலாகக் கவிழும், முதுகைப் பதம் பார்க்கும்.

ஆனால் உடைந்தால் மட்டும் போதாது. அலையின் முழு நீளமும் ஒரே நேரத்தில் ‘டொப்’பென்று விழுந்தால் சறுக்க இடமேது? ஒரு முனையில் உடையத் தொடங்கி, சேலைத் தலைப்பை மடிப்பது போல வரிசையாகப் பக்கவாட்டில் உடைந்துகொண்டே போக வேண்டும். உடையாத பகுதியில் ஓடுவதுதான் சறுக்கு. பாறைப் பார் இருக்கும் இடங்களில் அந்த வளைவு நிரந்தரம். மணற்கரையில் அதைக் கொடுப்பது கரைக்கு இணையாகத் தண்ணீருக்குள் கிடக்கும் மணல் திட்டு. திட்டு நேர்கோடாக இருந்தால் மொத்த அலையும் ஒன்றாக விழும். அங்கங்கே அறுந்து, வளைந்து, நடுவே வாய்க்கால் விட்டுக் கிடந்தால் அற்புதம்.

இப்போது ஃபிஸ்ட்ரலுக்கு வாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி உயரம்! ஒரு வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஆறு மணி நேரம் சொச்சம். ஏற்றம் ஒரே சீராக நடப்பதில்லை, நடுமணிகளில்தான் வேகம் அதிகம், ஒரு மணி நேரத்தில் மொத்தத்தில் கால் பங்கு ஏறிவிடும். அதாவது ஒன்றரை மீட்டர். பதினோரு மணிக்குத் திட்டின் மேல் 1.3 மீட்டர் தண்ணீர், அலை அழகாக உடைகிறது. பன்னிரண்டுக்கு 2.8 மீட்டர். அதே அலை திட்டை மிதிக்காமலே தாண்டிப்போய்க் கரையோரத்தில் மொத்தமாக விழுகிறது. அலை எங்கும் போகவில்லை. அடியில் இருந்த படிக்கட்டுதான் மூழ்கிவிட்டது.

பாண்டியில் ஒரு நாளின் ஏற்ற இறக்கமே அதிகம் போனால் ஏறக்குறைய ஒரு மீட்டர். அங்கே ஒரு மணி நேரத்தில் நடக்கும் மாற்றம் இங்கே ஒரு பொழுது முழுக்க ஆனாலும் நடக்காது. அதனால் நம் பையன்கள் ஏற்றவற்ற அட்டவணை பார்ப்பதைவிடக் காற்றைப் பார்ப்பார்கள். விடியலில் நிலத்திலிருந்து வீசும் கச்சான் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழுவழுப்பாக்கும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று திரும்பினால் எல்லாம் கசங்கிய துணி.

திட்டைத் தாண்டி உள்ளே வந்து விழும் தண்ணீர் எப்படித் திரும்பும் என்பதையும் சொல்லியாக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. திட்டு அறுந்திருக்கும் வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும், நல்ல நீச்சல்காரரும் எதிர்த்து வெல்ல முடியாத வேகத்தில். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது, நுரை இருக்காது, கொஞ்சம் இருண்டு அமைதியாகத் தெரியும். வாரக்கடைசியில் வெளியூரிலிருந்து வரும் குடும்பம், ‘இங்கேதான் அலை இல்லை’ என்று குழந்தையை இறக்குவது சரியாக அந்த இடத்தில். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. பக்கவாட்டில், கரைக்கு இணையாக, நுரை தெரியும் பக்கம் போக வேண்டும். நுரை இருக்கும் இடம் மேடு. சர்ஃபிங் தெரிந்தவர்கள் இதே வாய்க்காலை லிஃப்ட் போலப் பயன்படுத்துவார்கள், கை வலிக்காமல் கடலுக்குள் கொண்டுபோய் விடும். படகைக் கடலில் தள்ளும் மீனவர்கள் அலை உடையாத இடத்தைத் தேடி நிற்பதும் இதற்காகத்தான்.

மீனவர்கள் நீரோட்டத்தை ‘வெள்ளம்’ என்பார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி வெள்ளம், தெற்கிலிருந்து வருவது தெண்டி வெள்ளம். ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையை அறைவதால் மணலும் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. காந்தி சிலைக்கு முன்னால் நான் சிறுவனாக உட்கார்ந்து சுண்டல் தின்ற மணல் கரைந்துபோய்க் கருங்கல் வந்தது. அரிப்பு ஊர்விட்டு ஊராக வடக்கே நகர்ந்து மீனவக் குப்பங்களைத் தின்றது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் முக்கோண வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றை இறக்கியது. அலை அதன்மேல் மோதித் தணிந்து உள்ளே வருவதால், அலையோடு வரும் மணல் கரையில் தங்கியது. காணாமல் போன கடற்கரையில் ஒரு துண்டு திரும்பிவந்தது.

இரண்டு ஊரிலும் திட்டின் மேல் ஆழம் மாறித்தான் அலை மாறுகிறது, வேகம்தான் வேறு. ஃபிஸ்ட்ரலில் மணல் ஒரு நாள் அசையாமல் கிடந்தாலும் தண்ணீர் ஏறி இறங்கி அலையை மாற்றுகிறது. இங்கே தண்ணீர் அநேகமாக அதே மட்டத்தில் நிற்க, மணல் மாறுகிறது. ஒரு புயல் கரையில் இருக்கும் மணலைச் சுரண்டிக் கடலுக்குள் திட்டாகக் குவிக்கும். மாசி, பங்குனியின் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தள்ளும்.

அக்கா மகன் இப்போது அங்கே ஏற்றவற்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான், பத்தரைக்கே உடுப்பு மாட்டத் தொடங்கிவிடுகிறான். தை மாதம் ஊருக்கு வருகிறானாம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் தந்திராயன்குப்பத்தில் ஒரு மொட்டைமாடியில் ஏறி, விடியற்காலையில் கடலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். “அலையை எடுக்காதீங்க மாமா, நுரை எங்க எங்க அறுந்திருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”