ஹோம்ஸ்கூலிங்: வீட்டுப்பள்ளியா, வீட்டுவழிக் கல்வியா?

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பெற்றோரே பொறுப்பேற்று வீட்டில் வைத்துக் கற்பிக்கும் முறையை ஹோம்ஸ்கூலிங் என்கிறோம். பள்ளிப் பாடத்தை மாலையில் சொல்லிக்கொடுப்பதும், பள்ளி நடத்தும் இணையவழி வகுப்பைக் குழந்தை வீட்டிலிருந்தபடி பார்ப்பதும் இதில் அடங்கா. அங்கே பாடத்திட்டமும் பொறுப்பும் பள்ளியிடமே இருக்கின்றன. இம்முறைக்குத் தமிழில் வீட்டுப்பள்ளி, இல்லக்கல்வி, வீட்டுவழிக் கல்வி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன.

'ஸ்கூல்' என்பதன் மூலம் கிரேக்கச் சொல்லான 'ஸ்கோலே'. அதன் முதற்பொருள் ஓய்வு. பிழைப்புக்கான வேலை இல்லாத நேரத்தைக் குறித்த அச்சொல், அந்நேரத்தில் நிகழும் அறிவுரையாடலையும், பின்னர் அது நிகழும் இடத்தையும் குறிக்கத் தொடங்கி, இலத்தீனின் 'ஸ்கோலா' வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. நம் 'பள்ளி'யும் ஏறத்தாழ இதே தடத்தில் நடந்திருக்கிறது. பள்ளி என்றால் படுக்கை, துயிலிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. சமணத் துறவியரின் உறைவிடத்துக்கும் பள்ளி என்றே பெயர். அங்கே கற்பித்தலும் நடந்ததால் கல்விக்கூடம் என்னும் பொருள் அதற்கு வந்தது என்பர். வீடும் 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்ததுதான்: குடியிருக்கும் வீடும், அறம் பொருள் இன்பத்தோடு வைத்து எண்ணப்படும் வீடும் ஒரே வேரின. எந்தப் பக்கம் தோண்டினாலும் ஓய்வும் விடுபடுதலுமே வெளிப்படுகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்குக் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுப்பள்ளி என்பது ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. அதைக் கேட்டவுடன் வீட்டுக்குள் கரும்பலகையும் மேசையும் போட்ட காட்சிதான் மனத்தில் எழும். 'இல்வழிக் கல்வி' என்று சுருக்கலாமே எனத் தோன்றலாம். ஆனால் 'இல்' என்பதற்கு வீடு, இன்மை என இரு பொருள் உண்டு. இலக்கணத்தில் 'அல்வழி' என்பதை வேற்றுமை அல்லாத வழி என்று படித்துப் பழகியவர், 'இல்வழி'யை இல்லாத வழி என்று படித்துவிடக்கூடும். வீட்டுவழிக் கல்வியில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்வழிக் கல்வி என்னும்போது தமிழ் எப்படிக் கற்கும் கருவியாகிறதோ, அப்படியே இங்கு வீடு இடமாக மட்டுமன்றிக் கருவியாகவும் ஆகிறது: குவளைகளுக்கிடையே நீரை ஊற்றி அளவு அறிவதும், பொத்தான்களை நிறம்வாரியாகப் பிரித்து எண்ணுவதும், துணி மடித்துப் பாதி, கால் என்பவற்றைக் காண்பதும் வீட்டின் வழியே நிகழும் கல்வி.

இந்தக் கருத்து ஆங்கிலச் சொல்லைவிட மிகப் பழையது. இன்றைய செக் நாட்டின் பகுதியான மொராவியாவில் பிறந்த பதினேழாம் நூற்றாண்டுக் கல்வியாளர் கொமேனியஸ், முதல் ஆறு ஆண்டுகளின் கல்வியைத் தாயின் மடியில் நடக்கும் பள்ளி என வகுத்து, அது வீடுதோறும் இருக்க வேண்டும் என்றார். பொருள்களைப் படமாக வரைந்து, அவற்றுக்கு எண்ணிட்டு, பெயர்களை அருகில் தந்த அவருடைய குழந்தைப் பாடநூல் 1658-இல் நியூரம்பர்க்கில் வெளியாயிற்று. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய நிலையத்துக்கு வைத்த பெயரோ 'குழந்தைகளின் வீடு'. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அறியும் பயிற்சி அவர் முறையின் அடையாளம். 1977-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் பரப்பிய 'அன்ஸ்கூலிங்' வேறு: அதில் பாடத்திட்டமே கிடையாது. அதைப் 'பள்ளிசாராக் கற்றல்' எனலாம்.

இத்துடன் வரும் இரு சொற்களையும் சொல்லிவிட வேண்டும். கையால் செய்து கற்பதைச் 'செயல்வழிக் கற்றல்' என்பதே நன்று. 'செய்முறை' என்றால் ஆய்வகமோ சமையலோ நினைவுக்கு வரும். அடுத்தது படப்புத்தகம். படமுள்ள புத்தகம் எல்லாம் படப்புத்தகம் ஆகாது. "அறையில் யாரும் இல்லை" என்று வரி சொல்ல, படத்தில் திரைக்கு அடியில் ஒரு பூனைவால் நீண்டிருந்தால், எழுத்தறியாக் குழந்தை வாசிப்பவரை நிறுத்தி வாலைக் காட்டும். படமும் வரியும் கதையை இப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் நூலுக்கே அப்பெயர் தகும். படக்கதை என்பது கட்டங்களில் வரும் காமிக்ஸுக்கு வழங்கிவிட்ட சொல் என்பதால், இதற்கு அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.