மருந்தடித்த கைலியை யார் துவைப்பது?

"நான் மருந்தைத் தொட்டதே இல்லை டாக்டரம்மா, அடிக்கிறதெல்லாம் அவங்கதான்" என்று சென்ற வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பரிசோதனைக்கு வந்த ஏழு மாதக் கர்ப்பிணி சொன்னார். அவருடைய உள்ளங்கைகள் சிவந்து, விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. சம்பா வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்த கணவரின் கைலியையும் சட்டையையும் வெறுங்கையால் கும்மித் துவைத்தவர் அவர்தான். இந்தப் பருவத்தில் இப்படி வந்தவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

குடித்தால்தான் விஷம் என்ற எண்ணம் நம் பகுதியில் ஆழமாக ஊறியிருக்கிறது. தெளிப்பவருக்கே பெரும்பகுதி மருந்து தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது என்னும்போது, அதில் நனைந்த துணியைக் கசக்குகிறவரின் கை மட்டும் எப்படித் தப்பும்? வாந்தியும் மயக்கமும் வரவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. தாய்க்கு எந்தத் தொந்தரவும் காட்டாத சிறு அளவும் சிசுவைச் சென்றடையக்கூடும். நஞ்சுக்கொடி என்ற பெயரை வைத்து, அது நஞ்சையெல்லாம் வடிகட்டி நிறுத்திவிடும் என்று நம்பும் மாமியார்களையும் பார்க்கிறேன். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளை அது நிறுத்துவதில்லை. அவற்றைச் சிதைக்கும் நொதியும் சிசுவின் உடலில் மிகக் குறைவு.

நியூயார்க் நகரில் அடுக்குமாடி வீடுகளில் வசித்த தாய்மார்களின் குழந்தைகளுடைய தொப்புள்கொடி இரத்தத்தில் குளோர்பைரிபாஸ் கண்டறியப்பட்டது. வீட்டுக்குள் பூச்சிக்கு அடித்த மருந்தே அங்கு போதுமானதாக இருந்தது. அளவு கூடுதலாக இருந்த குழந்தைகள் ஏழு வயதில் நினைவாற்றல் சோதனையில் பின்தங்கினர். 2001-இல் அங்கே வீட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்ட பின், பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைந்தது என்பதை நான் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சொல்கிறேன். மருந்து படுவதைக் குறைத்தால் உடலில் அதுவும் குறையும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் பயந்து காய்கறியை ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். காய்கறியை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள், ஒதுக்காதீர்கள்.

மற்றதெல்லாம் வெளியே பைக்கில் சாய்ந்து காத்திருக்கும் கணவருக்கு. தெளித்த துணியை நீங்களே, தனி வாளியில், கையுறை போட்டுத் துவையுங்கள். சோப்புப் போட்டுக் குளித்த பிறகே வீட்டாரைத் தொடுங்கள். மருந்து கலக்கவும், தெளித்த வயலில் களையெடுக்கவும் கர்ப்பிணியை அனுப்பாதீர்கள். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைப்பதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிக்குத் தலைசுற்றலோ அதிக வியர்வையோ எச்சில் ஊறலோ வந்தால், உடனே துணியை மாற்றி, உடலைச் சோப்பால் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்தின் பெயர் ஒட்டிய டப்பாவையும் மறக்காமல் கையோடு கொண்டுவாருங்கள்.