சாகப்போகும் அன்னம் பாடுமா?

கிரிக்கெட் வீரர் ஒருவர் தன் கடைசி டெஸ்டில் சதம் அடித்துவிட்டு ஓய்வு பெற்றால், ஆங்கில நாளிதழ்கள் அதை அவருடைய ‘ஸ்வான் சாங்’, அதாவது அன்னத்தின் பாட்டு, என்று எழுதும். வாழ்நாள் முழுக்க வாய் திறக்காத அன்னம், உயிர் போகிற நேரத்தில் மட்டும் இனிமையாகப் பாடும் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கையிலிருந்து வந்தது இது.

நம்பிக்கையின் முதல் பாதி சுத்தக் கட்டுக்கதை. ஐரோப்பியப் பூங்காக் குளங்களில் நீந்தும் ஊமை அன்னம்கூடப் பெயருக்குத்தான் ஊமை. கிட்டப் போனால் சீறும், உறுமும். ஆனால் பாட்டு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

இரண்டாம் பாதியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஐஸ்லாந்திலும் ரஷ்யாவின் வடக்கிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கம் வரை வரும் ஹூப்பர் அன்னத்துக்கு எக்காளம் ஊதுவது போன்ற குரல். காரணம் அதன் மார்பெலும்புக்குள் இருக்கிறது. கழுத்து வழியாக இறங்கும் மூச்சுக்குழாய் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. மார்பெலும்பில் உள்ள பொந்துக்குள் புகுந்து, வளைந்து திரும்பி வெளியே வந்து, அப்புறம்தான் நுரையீரலைத் தொடுகிறது. பறவைகளுக்குக் குரல் பிறப்பது தொண்டையில் அல்ல. மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் அடிப்பகுதியில், சிரிங்ஸ் என்ற உறுப்பில். அங்கே எழும் ஒலி அத்தனை நீளக் குழாயையும் கடந்துதான் அலகுக்கு வர வேண்டும். குழாய் நீண்டால் அது இயல்பாக அதிரும் சுருதி (ஒத்ததிர்வு) தாழும், குரல் கனக்கும். தன்னைப் பெரிய உருவமாகக் காட்டிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு விளக்கம் உண்டு.

இந்த அன்னம் சாகும்போது நுரையீரல் சுருங்கி, உள்ளே இருந்த காற்று அதே வழியாக மெல்ல வெளியேறுகிறது. அப்போது இழுத்து இழுத்துச் சில சுரங்கள் கேட்கும். கதையின் வேர் இதுதான் என்று இயற்கையியலாளர் பீட்டர் பல்லாஸ் கருதினார். ஹூப்பரின் நெருங்கிய உறவான தூந்திர அன்னத்துக்கும் இதே வளைந்த குழாய்தான். தான் சுட்ட ஒரு தூந்திர அன்னம், காயத்தோடு சறுக்கி இறங்கியபடியே சோகமான இசையொலி எழுப்பியதாக அமெரிக்க விலங்கியலாளர் டி. ஜி. எலியட் 1898இல் எழுதினார். ஆக, கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. பாடியது பறவை என்று நினைத்ததுதான் பிசகு.

கி.மு. 458இல் மேடையேறிய, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்திலேயே, கொலையுண்ட ட்ராய் இளவரசி கசாண்ட்ரா அன்னம்போலக் கடைசிப் புலம்பலைப் பாடி முடித்தாள் என்று வருகிறது. பிளேட்டோவின் ‘ஃபீடோ’வில், விஷம் குடிக்கவிருக்கும் சாக்ரடீஸ் ஒரு படி மேலே போகிறார்: அன்னங்கள் துக்கத்தில் பாடவில்லை, தங்கள் தெய்வமான அப்பல்லோவிடம் போகிற சந்தோஷத்தில் பாடுகின்றன என்கிறார். முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, பார்த்தவரையில் இது உண்மையில்லை என்று எழுதிவைத்தார். கவிஞர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு வியன்னா பதிப்பாளர் ஹாஸ்லிங்கர் அவருடைய கடைசிப் பாடல்களைத் தொகுத்து ‘அன்னத்தின் பாட்டு’ என்று பெயரிட்டார். பெயர் ஷூபர்ட் வைத்ததல்ல, வியாபார மூளை வைத்தது. தொகுப்பின் கடைசிப் பாடலோ கடிதம் கொண்டுபோகும் புறாவைப் பற்றியது.