அரையும் மூன்றில் ஒன்றும் ஏன் ஐந்தில் இரண்டு ஆகாது?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் அரைக் கிலோ ஜவ்வரிசியும் கால் கிலோ சர்க்கரையும் வாங்கி வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், பையில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். முக்கால் கிலோ என்று யோசிக்காமல் சொல்லிவிடும். அதே பிள்ளை நோட்டில் 1/2 + 1/4 என்று பார்த்தால் பல சமயம் 2/6 என்று எழுதுகிறது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. 1978-இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களுமே ஏறக்குறைய 1 என்பதால் விடை 2. அதைச் சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். பின்னம் ஒற்றை அளவாக அவர்கள் கண்ணில் படவில்லை. கோட்டுக்கு மேல் ஒரு எண், கீழ் ஒரு எண் என்று இரண்டாகத்தான் தெரிந்திருக்கிறது.

சரி, 1/2 + 1/3-ஐப் படம் போட்டுக் காட்டினால் புரிந்துவிடுமா? எந்தப் படம் என்பதைப் பொறுத்தது. இரண்டு துண்டாக்கிய ஒரு பட்டை, பக்கத்தில் மூன்று துண்டாக்கிய இன்னொரு பட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக்கு வண்ணம். மொத்தம் எத்தனை துண்டு? ஐந்து. வண்ணம் அடித்தது? இரண்டு. ஆக 2/5! படமே தப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு செல்லும் என்பது வேறு விஷயம்: 2 பந்தில் 1 பவுண்டரி, அடுத்த 3 பந்தில் 1 பவுண்டரி என்றால் 5 பந்தில் 2 பவுண்டரிதான். அங்கே முழுமை 2 பந்திலிருந்து 5 பந்தாக வளர்ந்துவிடுகிறது. பின்னக் கூட்டலில் முழுமை வளரக் கூடாது.

அதனால் ஒரே ஒரு செவ்வகத்தில் வேலையை முடிப்பது நல்லது. கணக்கு நோட்டின் கட்டத்தில் நீளவாக்கில் 3 கட்டம், உயரவாக்கில் 2 கட்டம் எடுத்து எல்லைக்கோடு போடுங்கள். மேல் வரிசை முழுதும் 1/2. அதில் 3 கட்டம். ஒரு நெடுவரிசை 1/3. அதில் 2 கட்டம். இரண்டும் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்று விழும். அந்த ஒரு கட்டத்தை இரண்டு தடவை எண்ண வேண்டியிருப்பதால், அதற்குப் பதிலாகக் காலியான கட்டம் ஒன்றை நிரப்பச் சொல்லலாம். 6 கட்டத்தில் 5 நிரம்பும்: 5/6. பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழ் உள்ள எண்ணை, சமமாக்குவது என்று நாம் சொல்லும் சடங்கு, துண்டுகளை எல்லாம் ஒரே அளவுக்கு வெட்டிக்கொள்வது மட்டுமே என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று கேட்டாலும் போதும்.

வட்டத்தை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். பாதியும் காலும் வரை அழகாக வரும். ஐந்தாகவோ ஏழாகவோ கையால் வெட்டினால் துண்டுகள் ஏறுமாறாகிவிடும். பிள்ளையின் கவனம் கணக்கை விட்டு வரைவதில் போய்விடும்.

1/4 + 1/6 போட்டால் இன்னொன்று தெரியவரும். 4-க்கு 6 செவ்வகத்தில் 24 கட்டம். 6-ம் 4-ம் சேர்ந்து 10. அப்புறம் இரண்டிரண்டு கட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் 12-இல் 5 ஆகிவிடும். மீச்சிறு பொது மடங்கு 12 என்று பாடத்தில் வருவது இதுதான். 24-உம் தப்பில்லை, துண்டு தேவைக்கு மேல் பொடியாகிவிட்டது, அவ்வளவே.

காகிதம் இல்லாமலும் முடியும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் கால் பங்கு 5, ஐந்தில் ஒரு பங்கு 4, சேர்ந்து 9/20. வளைவுகள் சம தூரத்தில் இல்லை என்பதால் இது கிலோமீட்டருக்குப் பொருந்தாது, எண்ணிக்கைக்கு மட்டும்தான். மூன்றில் ஒரு பங்கு கேட்டால் 20 கைகொடுக்காது. ஏன் என்று பிள்ளையே யோசிக்கட்டும்.

பலரும் தடுமாறுவது விடை 1-ஐத் தாண்டும்போது. 3/4 + 2/3-க்கு 12 கட்டச் செவ்வகத்தில் 9-ம் 8-ம் வரும். 17 கட்டம் ஒன்றில் அடங்காது. இரண்டாவது செவ்வகம் வரைந்ததும் பிள்ளை 17/24 என்று எழுதிவிடும், ஏனென்றால் கண்முன் இருப்பது 24 கட்டம். முதல் செவ்வகத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டு, உள்ளே பெரிதாக 1 என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு முழுமையும் 5 கட்டமும், அதாவது 1 5/12 என்று அப்போது வாசித்துவிடலாம்.