லைக்கன் பூஞ்சைன்னு சொல்லாதீங்கப்பா

பாறையிலயும் மரப்பட்டையிலயும் வளர்ற லைக்கன் மேல வாழுற புது பூஞ்சை இனம் ஒண்ணைக் கண்டுபிடிச்சதா சேதி வந்தா போதும், உடனே ‘லைக்கன் பூஞ்சை’ன்னு போட்டுடுறாங்க. கொடைக்கானல்ல சோலைக்காடு பத்தி பேச வர்றவங்க வாயிலயும் இதேதான், கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

இங்கிலீஷ் மூலச்சொல் லைக்கெனிகோலஸ் (lichenicolous). லைக்கன் கிரேக்கத்துல இருந்து வந்தது, பின்னாடி இருக்குற ‘கோலஸ்’ லத்தீன்ல குடியிருக்கிறதைக் குறிக்கிற வினையில இருந்து வந்தது. அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். லைக்கன்ங்கிறதே ஒரு பூஞ்சையும் பாசியும் (சிலதுல பாசிக்கு பதிலா நீலப்பச்சை பாக்டீரியா) சேர்ந்து நடத்துற குடித்தனம், 1860கள்ல ஷ்வெண்டனர்ங்கிற சுவிஸ் தாவரவியலாளர் இதைச் சொன்னப்ப பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துக்கல. அதுல உடம்பு பெரும்பாலும் பூஞ்சைதான், லைக்கனுக்கு வைக்கிற அறிவியல் பேர்கூட அந்தப் பூஞ்சைக்குத்தான் சேரும். அப்ப ‘லைக்கன் பூஞ்சை’ன்னா யாரு? அந்த வீட்டுக்காரர்தானே! நாம பேசுறது அவர் வீட்டுக்குள்ள வந்து தங்குற வேற ஒரு ஆளைப் பத்தி. லைக்கனை விட்டா வேற இடமே இல்லாத இப்படிப்பட்ட இனங்கள் 2018ல வந்த உலகப் பட்டியல்லயே சுமார் 2000, இத்தனைக்கும் சேர்த்து வீட்டுக்காரர் பேரையே வச்சா எப்படிங்க?

‘லைக்கன் ஒட்டுண்ணி’யும் சரிப்படாது. சிலது லைக்கனையே கொல்லும், சிலது சோலை மரத்துல தொங்குற உஸ்னியா மாதிரி லைக்கன்ல முண்டு முண்டா வீங்க வைக்கும், ஆனா சிலது ஒரு தொந்தரவும் தெரியாம அது பாட்டுக்கு இருக்கும். மூலச்சொல் திருடன்னு சொல்லல, குடியிருக்கிறவன்னுதான் சொல்லுது, மொழிபெயர்க்கிறவர் எதுக்கு தீர்ப்பு எழுதணும்?

நீர்வாழ், நிலவாழ்னு நம்மகிட்ட அச்சே ரெடியா இருக்கு. லைக்கன்வாழ் பூஞ்சை, முடிஞ்சது. பாறைவாழ் லைக்கன், மரப்பட்டைவாழ் லைக்கன்னு கூடப் பொறந்த சொல்லுங்களும் இதே அச்சுல வந்து விழும்.

லைக்கன் தமிழான்னு சண்டைக்கு வருவாங்க, ‘கல்பாசிவாழ்’னு மாத்தச் சொல்வாங்க. கல்பாசின்னா மளிகைக்கடைல வாங்கி செட்டிநாட்டு மசாலாவுல போடுறது, ஊட்டியில மரத்துல தாடியா தொங்குறதை எவன் கல்பாசின்னு சொல்றான்? பள்ளிக்கூட புத்தகத்துலயே லைக்கன்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். சுத்தத் தமிழ் வேணும்னு புரியாத தமிழ் எழுதுறதுல எனக்கு இஷ்டம் இல்ல.

‘லைக்கன் காளான்’னு எழுதுறவங்களோட மல்லுக்கட்ட தெம்பும் இல்ல. அதை நம்பி குடைக்காளான் தேடிப் போறவனுக்கு பெரும்பாலும் லென்ஸ் இல்லாம ஒரு கருப்புப் புள்ளிகூட கண்ணுல படாது.